மான் வேட்டைக்கு ரைபிள் ஸ்கோப்: காசுக்கேற்ற தரம் பார்த்து வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்க வருபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நூறு முறை சுட்ட பிறகும் குறி அதே இடத்தில் நிற்குமா, பொழுது சாயும் நேரத்தில் மானின் தோள் தெளிவாகத் தெரியுமா, துப்பாக்கி உதைக்கும்போது கருவியின் விளிம்பு புருவத்தில் மோதாமல் இருக்குமா, மழையிலும் பனியிலும் உள்ளே ஆவி படியாமல் இருக்குமா என்ற நான்கையும் இதே வரிசையில் உறுதி செய்துகொண்டால், உருப்பெருக்கம் எவ்வளவு வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இக்கட்டுரை, வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கானது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டையிலிருந்து வருகின்றன. அமெரிக்க ஸ்கோப் சந்தையில் அந்த வேட்டைக்குப் பெரிய இடமுண்டு.

முதல் படி: உங்கள் வேட்டையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: சுடப்போகும் தூரம், நிலத்தின் இயல்பு, வெளிச்சத்தின் அளவு, தோட்டாவின் வகை. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் அடர்ந்த காடுகளில் மான் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள்தான் கண்ணில் படும். வயோமிங்கின் திறந்த புல்வெளியிலோ 200, 300 கெஜத்தில் சுட வேண்டிய நிலை சாதாரணமாக வரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி நேரம் ஆகும்வரை சுடலாம் என்பது விதி. மான் நடமாட்டம் மிகுந்திருப்பதும் அந்த இரு அரை மணி நேரங்களில்தான். நடுப்பகலில் எந்த ஸ்கோப்பும் அழகாகவே தெரியும்.

தோட்டாவின் வகையை ஏன் எழுத வேண்டும் என்றால், .308 அல்லது .30-06 வகைத் தோட்டா சுடும் துப்பாக்கியை 200 கெஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒரே இடத்தில் படும்படி அமைத்தால், 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ இரண்டு அங்குலம் மேலே படும். 300 கெஜத்தில் ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை தாழும். மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை உறுப்புகள் இருக்கும் வட்டம் எட்டு முதல் பத்து அங்குலம் அகலமானது. எனவே சுமார் 225 அல்லது 250 கெஜம் வரை நேராக நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டாலே போதும். ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் எந்தத் திருகையும் திருப்ப வேண்டியதில்லை. இதை முன்கூட்டியே அறிந்தவர், நீண்ட தூரப் போட்டிக்காரர்களுக்கென விற்கப்படும் கனத்த ஸ்கோப்புக்கு ஆயிரம் டாலர் கொடுக்க மாட்டார்.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

3-9×40 என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கத்தை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை மாற்றலாம் என்றும், முன்பக்கத்துப் பொருளருகு லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றும் பொருள். 6×42 என்பதில் கோடு இல்லை. அது ஆறு மடங்கில் நிலையாக நிற்கும்.

இந்த இரண்டு எண்களுக்குள் இன்னொரு எண் மறைந்திருக்கிறது. லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகு லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸில் ஒன்பது மடங்கில் அது 4.4 மி.மீ.; ஆறு மடங்கில் 6.7 மி.மீ.; நான்கு மடங்கில் 10 மி.மீ. மங்கிய வெளிச்சத்தில் இளைஞரின் கண்பாவை ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர்வரை விரியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் ஐந்தளவில் நின்றுவிடும். கண்பாவையைவிடப் பெரிய ஒளிவட்டத்தால் கூடுதல் வெளிச்சம் கிடைக்காது. சிறிய ஒளிவட்டமோ காட்சியை மங்கலாக்கும். அந்தி நேரத்தில் மான் தெரியவில்லை என்று வருந்துபவர், ஒன்பதில் நிற்கும் உருப்பெருக்க வளையத்தை ஆறுக்கோ ஐந்துக்கோ இறக்கினாலே போதும். புது ஸ்கோப் தேவைப்படாது. ஜெர்மனியில் நிலவொளியில் மரப்பரண் மீதிருந்து காட்டுப்பன்றி வேட்டையாடுபவர்களிடம் 8×56 என்ற பெரிய ஸ்கோப் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்ததற்கும் இந்தக் கணக்குதான் காரணம்: 56ஐ எட்டால் வகுத்தால் சரியாக ஏழு. பகலில் நடந்து வேட்டையாடுபவருக்கு அந்த அளவு வீண் சுமை. அதோடு, பெரிய லென்ஸ் துப்பாக்கிக் குழலில் இடிக்காமல் இருக்க ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டியிருப்பதால், கன்னம் துப்பாக்கியின் கட்டையில் படியாமல் தொங்கும்.

உருப்பெருக்கம் கூடக்கூடக் காட்சிப் பரப்பு சுருங்கும். 100 கெஜத்தில் மூன்று மடங்கில் ஏறத்தாழ 33 அடி அகலம் தெரிந்தால், ஒன்பது மடங்கில் 14 அடியளவே தெரியும். கைநடுக்கமும் கானல் அலைகளும் அதே விகிதத்தில் பெருகும். புதருக்குள் நகரும் மானை 12 மடங்கில் தேடிக் காணாமல் தவிப்பவர்கள் உண்டு. மூன்று மடங்கில் காணாமல் போனதாகச் சொல்பவரைக் காண்பது அரிது. பெரும்பாலான மான் வேட்டைக்கு 3-9×40 அல்லது 2-7×33 போதும், அடர்காட்டுக்கு 1-4 அல்லது 1-6 வகை, திறந்தவெளிக்கு 4-12 என்பது என் கருத்து. அதற்கு மேல் கேட்பவர் முதலில் காரணத்தைத் தமக்குத்தாமே விளக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்கோப்பின் வெளிக்குழலின் தடிமனைப் பற்றி ஒரு சொல். ஓர் அங்குலக் குழலைவிட 30 மி.மீ. குழல் வெளிச்சத்தைக் கூட்டும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். தடித்த குழலால் பொதுவாகக் கிடைப்பது, உள்ளே குறியை மேலும் கீழும் நகர்த்துவதற்கான கூடுதல் இடம்தான்.

மூன்றாம் படி: பணத்தை எங்கே போடுவது

விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். படிநிலைகள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. நூறு டாலருக்குக் கீழே விற்கப்படுபவை உதைப்புக் குறைந்த சிறு தோட்டா சுடும் .22 துப்பாக்கிக்குச் சரிப்படலாம்; கனத்த தோட்டாக்களுக்கு அவற்றை நம்புவது சூதாட்டம். 150 டாலரைச் சுற்றி வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் போன்ற தொடக்கநிலைக் கருவிகள் உள்ளன. 250 முதல் 400 டாலர்வரை லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட் போன்ற வரிசைகள் நிற்கின்றன. கொடுத்த காசுக்கு மிகுந்த பயன் கிடைப்பது இந்த அடுக்கில்தான் என்று தயங்காமல் சொல்லலாம். ஐந்நூறைத் தாண்டினால் கண்ணாடி மேம்படும், எடை குறையும் அல்லது வசதிகள் கூடும். ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிய ஸ்வரோவ்ஸ்கி, ஷ்மிட் அண்ட் பெண்டர் போன்ற ஐரோப்பியக் கருவிகளின் அழகு மறுக்க முடியாதது. ஆனால் முந்நூறு டாலர் கருவியைவிட அவை தருவது பெரும்பாலும் அந்தியின் கடைசிச் சில நிமிடங்கள்.

துப்பாக்கியின் விலைக்குச் சமமாக ஸ்கோப்புக்கும் செலவிட வேண்டும் என்றொரு பழைய வழக்கு உண்டு. அதைக் கண்மூடிப் பின்பற்றத் தேவையில்லை. முந்நூறு டாலர் ஸ்கோப், அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் நல்ல வளையங்கள், மீதிப் பணத்துக்குத் தோட்டாக்கள் என்று பிரித்துப் பயிற்சி செய்பவர், ஆயிரம் டாலர் ஸ்கோப்பை வாங்கிவிட்டு ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சுடுபவரைவிட மேலாகச் சுடுவார்.

உத்தரவாதத்தையும் இங்கேயே பேசிவிடலாம். வோர்டெக்ஸ், லூபோல்ட் ஆகிய இரண்டும் வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. கை மாறி வாங்கியவருக்கும் அது பொருந்தும். பழைய பொருள் வாங்குவோருக்கு இது பெரிய அனுகூலம். ஆயினும் உத்தரவாதம் வேறு, நம்பகத்தன்மை வேறு. மலையடிவாரத்தில் மூன்றாம் நாள் காலை குறி விலகிப்போனால், தபாலில் அனுப்பிப் புதிது பெறும் உரிமை அந்த வேட்டையைக் காப்பாற்றாது.

நான்காம் படி: கண்ணாடிக்கு முன் இயந்திரத்தைப் பாருங்கள்

ஸ்கோப்பின் வெளிக்குழலுக்குள் இன்னொரு சிறிய குழல் இருக்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில்தான் உள்ளன. அதன் ஒரு முனை மூட்டில் நிற்க, மறுமுனையை மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள இரண்டு திருகுகள் ஒருபுறம் தள்ளும். எதிர்ப்புறத்திலிருந்து ஒரு வில் தாங்கும். நீங்கள் திருகை ஒரு கிளிக், அதாவது 'கிளிக்' என்று ஒலிக்கும் ஒரு படி, திருப்பினால் உள்குழல் நகர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. அந்த நுண்ணிய நகர்வு 100 கெஜத்தில் கால் அங்குலமாகத் தெரிகிறது. வில் தளர்ந்தாலோ, திருகின் மரை தேய்ந்தாலோ, மூட்டில் சிறிது ஆட்டம் இருந்தாலோ, ஒவ்வொரு உதைப்புக்கும் குறி நகர்ந்துகொண்டே இருக்கும். மலிவு ஸ்கோப்பில் தயாரிப்பாளர் முதலில் சிக்கனம் பிடிப்பது இந்த இடத்தில்தான். ஏனெனில் வாங்குபவர் கடையில் இதைப் பார்க்க முடியாது, லென்ஸின் பளபளப்பை மட்டுமே பார்ப்பார்.

கடையில் செய்யக்கூடியது ஓரளவு உண்டு. மூடியைக் கழற்றித் திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியாக விரலில் உணரப்பட வேண்டும். பிசுபிசுவென்று வழுக்கினால் தள்ளிவிடுங்கள். உருப்பெருக்க வளையம் முழுச்சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் நகர வேண்டும். மென்மையாக உலுக்கும்போது உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. நிலையான உருப்பெருக்கம் கொண்ட 4× அல்லது 6× ஸ்கோப்பில் நகரும் பாகங்கள் குறைவு. பழுதாகவும் வாய்ப்புக் குறைவு. சந்தையில் அவற்றின் மதிப்பு சரிந்துவிட்டது என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

ஈரத்தைத் தடுப்பதும் இயந்திர வேலைதான். ஓரிகான் மாநிலத்தில் அளவைக் கருவிகள் செய்துவந்த லூபோல்ட் குடும்பத்தைச் சேர்ந்த மார்க்கஸ் லூபோல்ட், வேட்டையின்போது தம் ஸ்கோப்புக்குள் ஆவி படிந்ததால் மானைத் தவறவிட்டு, இதைவிட நன்றாகத் தம்மால் செய்ய முடியும் என்று கொதித்ததாக அந்நிறுவனமே சொல்லும் கதை ஒன்றுண்டு. 1947இல் அவர்களுடைய முதல் ஸ்கோப் வெளிவந்தது. உள்ளிருக்கும் ஈரக்காற்றை அகற்றி நைட்ரஜனை நிரப்பி ரப்பர் வளையங்களால் அடைக்கும் முறை இன்று பெரும்பாலான நிறுவனங்களிடம் உள்ளது. சிலர் ஆர்கான் நிரப்புகிறார்கள். இரண்டுக்கும் இடையில் வேட்டைக்காரர் உணரக்கூடிய வேறுபாடு எதுவுமில்லை.

ஐந்தாம் படி: கண்ணாடியை வாசலில் வைத்துச் சோதியுங்கள்

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். உள்ளே பத்து லென்ஸ்கள் தனித்தனியாக இருப்பதாக வைத்துக்கொண்டால், இருபது பரப்புகளைக் கடந்து கண்ணுக்கு வருவது 44 விழுக்காடு ஒளிதான். 1930களில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மகுலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சே இந்த இழப்பைத் தணித்தது. பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காடாகக் குறையும்போது, அதே இருபது பரப்புகளைக் கடந்து 90 விழுக்காடு ஒளி வந்துசேரும். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்பதைக் குறிக்கும் "ஃபுல்லி மல்ட்டி-கோட்டட்" என்ற சொற்றொடர் விவரத்தாளில் இருக்க வேண்டும். வெறும் "மல்ட்டி-கோட்டட்" என்றால் சில பரப்புகள் மட்டும் என்று கொள்ளலாம்.

கடையின் பளிச்சென்ற விளக்கில் எல்லா ஸ்கோப்பும் ஒன்றுபோலவே தெரியும். மாலை மங்கும் நேரத்தில் கடைக்குப் போய், அனுமதி பெற்று, துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பை மட்டும் வாசலுக்கு எடுத்துச் சென்று, கட்டடத்தின் நிழல் விழுந்த மூலையைப் பாருங்கள். இரண்டு கருவிகளை ஒரே உருப்பெருக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காட்சியின் ஓரத்தில் உள்ள எழுத்துகள் நடுவில் உள்ளவைபோல் தெளிவாக இருக்கின்றனவா, விளக்குக் கம்பத்துக்கு அருகில் பார்க்கும்போது வெண்மூட்டம் படர்கிறதா என்று கவனியுங்கள். சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது.

ஆறாம் படி: கண்ணுக்கும் கருவிக்கும் இடையிலான தூரம்

முழுக் காட்சியும் தெரிய, கண்ணருகு லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதை விவரத்தாளில் பாருங்கள். மான் வேட்டைத் துப்பாக்கிக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உதைப்பு மிகுந்த மேக்னம் தோட்டாக்களுக்கு நான்கை நெருங்கினால் நல்லது. பல ஸ்கோப்புகளில் உருப்பெருக்கம் கூடும்போது இந்தத் தூரம் குறையும் என்பதால், இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் சிறியதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். புருவத்தின் மேல் பிறை வடிவத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்கள் எல்லாரும் இந்த எண்ணைப் பார்க்காமல் விட்டவர்கள், அல்லது செங்குத்தான சரிவில் மேல்நோக்கிச் சுட்டவர்கள்.

ஏழாம் படி: குறிக்கோடுகளும் திருகுகளும்

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிபார்க்கும் கோடுகளில், ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் எளிய ட்யூப்ளெக்ஸ் குறிக்கோடே மான் வேட்டைக்குச் சிறந்தது. கண் தானாக நடுவுக்குப் போகும். அந்தியில் மெல்லிய கோடு மறைந்தாலும் தடித்த பகுதிகள் மையத்தைக் காட்டிக்கொடுக்கும். குண்டின் தாழ்வுக்கேற்பக் கீழே சிறு கோடுகள் கொண்ட வகையும் பயன்படும். ஆனால் அது உங்கள் தோட்டாவுக்குப் பொருந்துகிறதா என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய முடியும்.

உருப்பெருக்கத்தோடு சேர்ந்து குறிக்கோடும் பெரிதாவது முதல் குவியத்தள வகை. அளவு மாறாமல் நிற்பது இரண்டாம் குவியத்தள வகை. முதல் வகையில் குறைந்த உருப்பெருக்கத்தில், அதாவது அடர்காட்டில் மிக அவசரமாகச் சுட வேண்டிய நேரத்தில், கோடு நூலிழையாக மெலிந்துபோகும். எனவே வேட்டைக்கு இரண்டாம் வகையே ஏற்றது. இதில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: கீழ்க்கோடுகளின் அளவு ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே, பெரும்பாலும் அதிகபட்சத்தில் மட்டுமே, சரியாக இருக்கும்.

திருகுகளுக்கு மூடி இருப்பது நலம். முட்செடியும் தோள்வாரும் உரசித் திருகு நகர்ந்ததை வேட்டைக்காரர் அறியும்போது மான் ஓடியிருக்கும். திருகின் கோண அளவீடு எம்.ஓ.ஏ. ஆனாலும் மில் ஆனாலும் ஒன்றுதான்: முதலாவதில் கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 கெஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம், இரண்டாவதில் பத்தில் ஒரு மில் கிளிக் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்.

கண் விலகும்போது குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றும் இடமாறு தோற்றப்பிழையைத் திருத்தும் பக்கத் திருகுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. வேட்டை ஸ்கோப்புகள் ஆலையிலேயே 100 அல்லது 150 கெஜத்துக்கு அமைக்கப்படுகின்றன. 40 மி.மீ. லென்ஸும் 100 கெஜ அமைப்பும் கொண்ட கருவியில், 300 கெஜத்தில், கண் ஒளிவட்டத்தின் விளிம்புக்கே விலகினாலும் பிழை நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாது.

எட்டாம் படி: பொருத்துதல்

ஸ்கோப் பழுது என்று திருப்பியனுப்பப்படும் கருவிகள் பலவற்றில் உண்மையான குற்றவாளி, வளையங்களைத் துப்பாக்கியில் தாங்கும் அடித்தளத்தின் தளர்ந்த திருகு. வளையங்களுக்கும் அடித்தளத்துக்கும் ஐம்பது முதல் நூறு டாலர் ஒதுக்குங்கள். அடித்தளத் திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, கழற்றக்கூடிய நீலநிற மரைப்பசையிட்டு இறுக்க வேண்டும். ஸ்கோப்பைத் தளர்வாக வளையங்களில் வைத்து, வேட்டையில் அணியும் தடித்த மேலங்கியோடு, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, துப்பாக்கி காலியாக உள்ளதை இருமுறை உறுதி செய்தபின், கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். காட்சியின் ஓரத்தில் கருநிழல் இருந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம். செங்குத்துக் கோடு சாயாமல் இருப்பதைத் தொங்கவிட்ட தூக்குநூலை நோக்கிச் சரிபார்த்து, வளையத் திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும்; தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. கைக்கணக்கில் இறுக்குபவர்கள் குழலை நசுக்கிவிடுவதுண்டு. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: திருப்பித்தரும் காலம் முடிவதற்குள் சோதனை

வாங்கிய கடை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுக்கும் என்பதை முன்பே கேட்டு, அதற்குள் சுடுதளத்துக்குப் போக வேண்டும். முதலில் 25 கெஜத்தில் தாளில் படவைத்து, பிறகு 100 கெஜத்தில் ஜீரோ செய்யலாம். 25 கெஜத்தில் ஒரு கிளிக் நகர்த்துவது 100 கெஜத்தில் நகர்த்துவதில் நான்கில் ஒரு பங்கே என்பதால், ஓர் அங்குலத்துக்கு 16 கிளிக் தேவைப்படும்.

அடுத்து, குறிவைக்கும் புள்ளியை மாற்றாமல், மூன்று தோட்டா சுட்டு, 20 கிளிக் வலப்புறம், 20 மேலே, 20 இடப்புறம், 20 கீழே என்று ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் மூன்று சுடுங்கள். ஐந்தாவது தொகுதி முதல் தொகுதியின் மீதே விழ வேண்டும். முதல் நான்கு தொகுதிகளும் ஏறத்தாழ ஐந்து அங்குலச் சதுரத்தின் மூலைகளாக அமைய வேண்டும். சதுரம் சற்றுச் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால், ஜீரோ செய்தபின் திருகைத் தொடாதவருக்குக் கவலையில்லை. தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். உருப்பெருக்கத்தை மூன்றிலும் ஒன்பதிலும் வைத்து ஒவ்வொரு தொகுதி சுட்டு, குண்டு படும் இடம் மாறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு, துப்பாக்கியைக் காலி செய்து உறையிலிட்டு, ஒரு வாரம் வண்டியின் பின்புறத்தில் வைத்துக் கரடுமுரடான சாலையில் ஓட்டிவிட்டு, எதையும் தொடாமல் மீண்டும் மூன்று சுடுங்கள். என்னைக் கேட்டால், விளம்பரத் தாள் முழுவதையும்விட இந்த மூன்று துளைகள் அதிகம் சொல்லும்.

பழைய ஸ்கோப் வாங்குபவர்கள் இதே சோதனையைச் செய்யும் வாய்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். வளையத்தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, லென்ஸின் உட்புறம் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர்பெற்ற ஸ்கோப் பெரும்பாலும் போலி. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியில் பொருத்துவதாக இருந்தால், அது முன்னும் பின்னுமாக இருமுறை உதைத்து நல்ல ஸ்கோப்பையும் உடைத்துவிடும் என்பதால், காற்றுத் துப்பாக்கிக்கென்றே சான்றளிக்கப்பட்டதைத்தான் வாங்க வேண்டும்.

இருநோக்கி ஒன்றுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். புதருக்குப் பின்னால் அசைவது மானா மனிதனா என்று அறிவதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தினால், அதோடு சேர்ந்து துப்பாக்கிக் குழலும் அந்தப் பக்கம் திரும்புகிறது. எண்பது, நூறு டாலர் 8×42 இருநோக்கியே அந்த வேலைக்குப் போதும்.